ஆரன் ஜட்ஜை வித்தவன் எழுதுவது

2024 மே மாதம் முதல் வாரத்தில் நான் ஆரன் ஜட்ஜை வித்துட்டேன்.

நியூயார்க் யாங்கீஸ் டீமோட ஜட்ஜ். ஆறடி ஏழு அங்குலம். 2022-ல ஒரே சீசன்ல 62 ஹோம் ரன் அடிச்சு அமெரிக்கன் லீக் ரெக்கார்டை உடைச்ச ஆள். என்கிட்ட இருந்து வாங்கினது என் பெரியப்பா பையன், நியூ ஜெர்சியில இருக்கிற அண்ணன். ட்ரேடை நான் அக்செப்ட் பண்ணின ரெண்டாவது நிமிஷம் வாட்ஸ்அப்ல அவர்கிட்ட இருந்து ஒரே வார்த்தை வந்தது: "நிஜமாவாடா?"

அந்த மே மாதம் மட்டும் ஜட்ஜ் 14 ஹோம் ரன் அடிச்சார். சீசன் முடியும்போது 58. சராசரி .322. அமெரிக்கன் லீக் எம்விபி. எங்க லீக்ல அண்ணன் முதல் இடம், நான் எட்டாவது.

சீசனோட முதல் நாலஞ்சு வாரத்துல ஃபேன்டஸி டீம் வச்சிருக்கிறவனுக்கு ஏன் புத்தி கலங்குது, அதுல எது நிஜமான ஆபத்து, எது வெறும் பிராபபிலிட்டி போடுற ஆட்டம்னு இந்த ரெண்டு வருஷமா தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்கே எழுதுறேன். உங்களுக்கு பேஸ்பால் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்லை. பிராபபிலிட்டி பேப்பர் கொஞ்சம் ஞாபகம் இருந்தா போதும். இல்லைன்னாலும் பரவாயில்லை, நானே அதை ரெண்டாவது அட்டெம்ப்ட்லதான் கிளியர் பண்ணினேன்.

முதல்ல விளையாட்டு என்னன்னு சொல்லிடறேன்.

ஹாஸ்டல்ல பாதிப் பேர் ஃபேன்டஸி பிரீமியர் லீக் ஆடுறீங்க. அதே ஐடியாதான், ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அங்கே ஒரே பிளேயரை எல்லாரும் எடுக்கலாம். இங்கே ஒரு லீக்குக்குள்ள ஒரு பிளேயர் ஒருத்தர்கிட்டதான் இருப்பார். சீசனுக்கு முன்னாடி எல்லாரும் ஆன்லைன்ல உட்கார்ந்து வரிசையா ஒவ்வொருத்தரா எடுப்போம். அதுக்குப் பேர் ட்ராஃப்ட். நான் கைவிட்ட பிளேயரை அடுத்த நிமிஷம் இன்னொருத்தர் எடுத்துக்கலாம், அப்புறம் நான் கெஞ்சினாலும் திரும்பி வராது. அதனாலதான் ஒவ்வொரு முடிவும் வலிக்குது.

இதை ஆரம்பிச்சது 1980-ல, டேனியல் ஒக்ரென்ட்ங்கிற எழுத்தாளரும் அவர் நண்பர்களும். நியூயார்க்ல அவங்க கூடிச் சாப்பிட்ட லா ரோட்டிசெரி ஃப்ரான்ஸேஸ் என்கிற ரெஸ்டாரன்ட்டோட பேரைத்தான் ஆட்டத்துக்கும் வச்சாங்க. இன்னைக்கும் அந்த வகை லீக்குக்கு ரோட்டிசெரி, சுருக்கமா ரோட்டோ, என்றுதான் பேர். விளையாட்டையே கண்டுபிடிச்ச ஒக்ரென்ட் தன்னோட லீக்கை ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லை. எட்டாவது இடத்துல இருக்கும்போது இந்தத் தகவல் எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்தது.

ரோட்டோ இப்படி நடக்கும். பத்து கணக்குகள். பேட்டிங்ல ரன், ஹோம் ரன், ஆர்பிஐ, ஸ்டோலன் பேஸ், சராசரி. பிட்சிங்ல வின், சேவ், ஸ்ட்ரைக்அவுட், இஆர்ஏ, விப். ஒவ்வொரு கணக்குலயும் பத்து டீமையும் வரிசைப்படுத்துவாங்க. முதல் டீமுக்கு 10 புள்ளி, கடைசிக்கு 1. மார்ச் கடைசியில இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும், ஒவ்வொரு நிஜ டீமும் 162 ஆட்டம் ஆடி முடிக்கிற வரைக்கும் இது ஓடும். எங்க லீக்ல காசு கிடையாது. தோத்தவன் ஜெயிச்சவனோட போட்டோவை ஒரு மாசம் டிபியா வைக்கணும், அவ்வளவுதான். 2024 அக்டோபர் முழுக்க என் டிபியில அண்ணன் இருந்தார். அம்மா அதைப் பார்த்துட்டு, "அண்ணன் மேல இவ்வளவு பாசமா"ன்னு பெரியம்மாகிட்ட பெருமையாச் சொல்லியிருக்காங்க.

அமெரிக்காவில சாயங்காலம் ஏழு மணி ஆட்டம்னா நமக்கு விடியற்காலை நாலரை. ஏப்ரல் மாசம் நாலரைக்கு எழுந்து போனைப் பார்த்து, ராத்திரி மூணாவது இடத்துல இருந்த டீம் எட்டாவதுல கிடக்கிறதைப் பார்க்கிற அனுபவத்துக்கு ஈடு இல்லை. எப்படி ஒரே ராத்திரியில அஞ்சு இடம் சரியும்? பகுத்தல் கணக்குதான்.

இஆர்ஏ என்பது ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா எத்தனை ரன் கொடுக்கிறார் என்கிற கணக்கு. குறைவா இருந்தா நல்லது. சீசன் தொடங்கி ரெண்டு வாரம். என் பிட்சர்கள் எல்லாருமாச் சேர்ந்து 50 இன்னிங்ஸ் போட்டு 18 ரன் கொடுத்திருக்காங்கன்னு வைங்க. 18-ஐ 50-ஆல வகுத்து 9-ஆல பெருக்கினா 3.24. அருமையான எண். இப்போ ஒருத்தர் மோசமான நாள்ல ரெண்டே இன்னிங்ஸ்ல 8 ரன் கொடுத்துட்டார். 52 இன்னிங்ஸ், 26 ரன். இஆர்ஏ 4.50. ஒரே ராத்திரியில லீக்லயே மட்டமான பிட்சிங் டீம் நான்தான். இதே விபத்து ஆகஸ்ட்ல, நான் 1000 இன்னிங்ஸ் தாண்டி 360 ரன் கொடுத்திருக்கும்போது நடந்தா? 1002 இன்னிங்ஸ், 368 ரன், 3.31. யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அடி ஒரே அளவுதான். கீழே இருக்கிற எண் சின்னதா இருக்கும்போது வலிக்குது, பெருசானதும் வலிக்கல.

டீமோட எண்ணே இப்படி ஆடுதுன்னா தனி ஒரு பேட்டரோட எண் எப்படி ஆடும்?

கிரிக்கெட் சராசரியை இங்கே மறந்துடுங்க. பேஸ்பால்ல சராசரின்னா, அடிக்க நின்ன முறைகள்ல எத்தனை முறை ஹிட் ஆச்சு என்கிற விகிதம். பத்துக்கு மூணு, அதாவது .300, அடிக்கிறவர் நட்சத்திரம். .270 நல்ல பேட்டர். .190 அடிச்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உலகத்துலயே சிறந்தவங்ககூட பத்துல ஏழு முறை தோக்கிற விளையாட்டு இது.

ஜட்ஜை வித்த பாவத்துக்குப் பரிகாரமா போன வருஷம் ஒரு சின்ன பைதான் புரோகிராம் எழுதினேன். ஒரு பேட்டர். அவரோட உண்மையான திறமை .270, மாறவே மாறாது. காயம் இல்லை, மன அழுத்தம் இல்லை, எதிர்ல எந்த பிட்சர்னு கவலையும் இல்லை. வெறும் சாய்ந்த நாணயம். அவரை 60 முறை நிக்க வைக்கிறேன், அதாவது கிட்டத்தட்ட ரெண்டரை வார ஆட்டம். இதைப் பல்லாயிரம் தடவை ஓட்டினேன். புரோகிராமே தேவையில்லை, பைனாமியல் ஃபார்முலாவே போதும், ஆனா கண்ணால பார்க்கணும்னு இருந்தது.

60-ல 11 ஹிட்டோ அதுக்கும் குறைவாவோ வர்றதுக்கு வாய்ப்பு சுமார் 8 சதவீதம். அதாவது .183 அல்லது அதுக்கும் கீழே. 21 ஹிட்டோ அதுக்கு மேலயோ, அதாவது .350-க்கு மேல, வர்றதுக்கு சுமார் 11 சதவீதம். சின்னதா தெரியுது இல்லையா? இப்போ என் டீம்ல 13 பேட்டர் இருக்காங்கன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. 13 பேருமே அச்சு அசல் .270 ஆட்கள்னு வச்சுக்கிட்டாலும், அதுல குறைஞ்சது ஒருத்தராவது .183-லயோ கீழேயோ கிடக்கிறதுக்கான வாய்ப்பு மூணுல ரெண்டு பங்கு. கூடவே ஒருத்தரோ ரெண்டு பேரோ .350-க்கு மேல அடிச்சு சூப்பர்ஸ்டார் மாதிரி தெரிவாங்க. யார் மேலயும் தப்பும் இல்லை, யாருக்கும் புதுத் திறமையும் வரல. ஏப்ரல் நடுவுல எந்த மேனேஜரோட டீமைத் திறந்தாலும் ஒரு வில்லன், ஒரு ஹீரோ இருப்பாங்க. நாம வில்லனைத் துரத்திட்டு, அடுத்தவன் கைவிட்ட ஹீரோவைத் தேடிப் போறோம்.

எவ்வளவு பயப்படணும்னும் கணக்கு போடலாம். மூணு வருஷத்துல 1500 முறை நின்னு 405 ஹிட் அடிச்சவர் .270. இந்த ஏப்ரல்ல 60-க்கு 11. ரெண்டையும் கூட்டுங்க: 1560-க்கு 416. .267. ரெண்டரை வாரம் நாம தூங்காம புலம்பினதோட மொத்த மதிப்பு மூணு புள்ளி.

ஆனா எல்லா எண்ணும் இப்படி மெதுவா உண்மை சொல்றது இல்லை. இந்த இடத்தை நான் ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். ரஸ்ஸல் கார்ல்டன்னு ஒரு ஆய்வாளர். பேஸ்பால் எண்கள்ல எது எத்தனை முறை நின்னதுக்கு அப்புறம் நம்பற அளவுக்கு வருதுன்னு கணக்குப் பார்த்தார். ஸ்ட்ரைக்அவுட் ஆகிற விகிதம் சுமார் 60 பிளேட் அப்பியரன்ஸ்லயே ஓரளவு நிலைக்கு வந்துடுது. வாக் விகிதத்துக்கு, அதாவது மோசமான பந்துகளை விட்டுட்டு ஓசியில முதல் பேஸ் போற விகிதத்துக்கு, சுமார் 120. ஹோம் ரன் விகிதத்துக்கு 170. நாம தினமும் முதல்ல பார்க்கிற சராசரிக்கு? சுமார் 910. ஒன்றரை சீசனுக்கும் மேல. ஸ்கிரீன்ல பெருசாத் தெரியறதுதான் ரொம்ப மெதுவா உண்மை பேசுது.

காரணம் யோசிச்சா எளிது. ஸ்ட்ரைக்அவுட் பேட்டருக்கும் பிட்சருக்கும் நடுவுல முடிஞ்சுடுது. ஹிட் அப்படி இல்லை. பந்து நல்லாவே அடிபட்டிருக்கும், ஃபீல்டர் நேரா நின்னுட்டு இருப்பார், அவுட். இன்னொரு நாள் பேட் உடைஞ்சு பந்து சோம்பலா உருண்டு இடைவெளியில போகும், ஹிட். மைதானத்துக்குள்ள விழுற பந்துகள்ல எத்தனை ஹிட் ஆகுதுன்னு லீக் முழுக்கப் பார்த்தா .300 பக்கத்துல நிக்கும். ஒரு பேட்டருக்கு ஏப்ரல்ல அது .190-ன்னா, பெரும்பாலும் அவருக்கு ஃபீல்டர் பகை, அவ்வளவுதான். 2015-ல இருந்து எல்லா மைதானத்துலயும் ஸ்டேட்காஸ்ட் இருக்கு, பந்து பேட்டை விட்டு எவ்வளவு வேகத்துல கிளம்புதுன்னு அளக்குது. பேஸ்பால் சாவன்ட் தளத்துல எல்லாமே இலவசம். மணிக்கு 95 மைலுக்கு மேல அடிச்சுக்கிட்டே இருக்கிற ஆளோட சராசரி .180-ன்னா நான் இப்போ கவலைப்படறது இல்லை.

நம்ம மெக்கானிக்கல் ஆளுங்களுக்கு ஒரு இடைச்செருகல். ஏப்ரல்ல சிகாகோ, பாஸ்டன், மினியாபொலிஸ் எல்லாம் குளிர். 5 டிகிரி செல்சியஸ் காற்று 30 டிகிரி காற்றைவிட சுமார் 9 சதவீதம் அடர்த்தி அதிகம், ஐடியல் கேஸ் ஈக்வேஷனே சொல்லிடும். டிராக் அடர்த்திக்கு நேர் விகிதம். ஜூலைல வேலி தாண்டுற பந்து ஏப்ரல்ல ஃபீல்டர் கையில விழும். அதனால ஒரு பேட்டரோட ஏப்ரலை அவரோட முந்தின ஏப்ரலோட ஒப்பிடணும், போன ஆகஸ்டோட இல்லை. பிட்சர்களோட பந்து வேகமும் அப்படித்தான், உடம்பு சூடேறுற வரைக்கும் கொஞ்சம் குறைச்சலா இருக்கும்.

இதுக்கு வரலாறே சாட்சி இருக்கு. 2006-ல டெட்ராய்ட் டைகர்ஸ்ல கிறிஸ் ஷெல்டன்னு ஒருத்தர். முதல் 13 ஆட்டத்துல 9 ஹோம் ரன். அந்த ஏப்ரல்ல அவரை வச்சிருந்தவங்களைக் கற்பனை பண்ணிப் பாருங்க, ஊருக்கே உபதேசம் பண்ணியிருப்பாங்க. ஷெல்டன் அந்த சீசனை முடிச்சது 16 ஹோம் ரன்னோட. ஜூலை கடைசியில அவரை மைனர் லீக்குக்கே அனுப்பிட்டாங்க. டஃபி ரோட்ஸ் கதை இன்னும் விசித்திரம். 1994 சீசனோட முதல் ஆட்டத்துலயே, ட்வைட் குடன்ங்கிற பெரிய பிட்சருக்கு எதிரா மூணு ஹோம் ரன். வருஷம் முழுக்க அவர் அடிச்சது எட்டு. அப்புறம் ஜப்பான் போனார், அங்கே 464 ஹோம் ரன் அடிச்சு பெரிய நட்சத்திரம் ஆனார். அதையும் அந்த முதல் நாளை வச்சு யாரும் கணிச்சிருக்க முடியாது.

எதிர்ப்பக்கம் டேவிட் ஓர்டிஸ். பாஸ்டனோட செல்லப்பிள்ளை. 2009-ல அவரோட முதல் ஹோம் ரன் மே 20-ஆம் தேதிதான் வந்தது. மே முடியற வரைக்கும் அந்த ஒண்ணுதான். கதை முடிஞ்சுதுன்னு எழுதினாங்க. சீசன் முடிவுல 28. அடுத்த வருஷம் 2010 ஏப்ரல்ல சராசரி .143, மறுபடியும் ஒரே ஹோம் ரன், மறுபடியும் அதே புலம்பல். முடிவுல 32. முந்தின வருஷமே அப்படி ஏமாந்தவங்க மறுவருஷமும் ஏமாந்ததுதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

இப்போ என் ட்ரேடுக்கு வரேன். 2024 ட்ராஃப்ட்ல எனக்குப் பத்தாவது இடம். வரிசை அங்கே திரும்பும், அதனால 10, 11 ரெண்டும் எனக்கே. ஜட்ஜையும் அட்லான்டா பிட்சர் ஸ்பென்சர் ஸ்ட்ரைடரையும் எடுத்தேன். ஸ்ட்ரைடர் முந்தின வருஷம் 281 ஸ்ட்ரைக்அவுட், 20 வின். ஹாஸ்டல் ரூம்ல தனியா கை தட்டிக்கிட்டேன். ரெண்டே ஆட்டம் போட்டார். முழங்கை தசைநார் போச்சு, ஆபரேஷன், சீசன் காலி. அதே சமயத்துல கிளீவ்லாந்தோட ஷேன் பீபருக்கும் அதே கதி. அவர் ரெண்டு ஆட்டத்துல 12 இன்னிங்ஸ், 20 ஸ்ட்ரைக்அவுட், ஒரு ரன்கூடக் கொடுக்கல. அந்த எண்களைப் பார்த்து யாராவது ஆபத்துன்னு சொல்லியிருக்க முடியுமா?

ஸ்ட்ரைடர் போனது நிஜ நஷ்டம். அதுக்குப் பொறுமையால பயன் இல்லை, வேற பிட்சர் தேடித்தான் ஆகணும். நான் பண்ணின தப்பு, நிஜமான ஒரு பிரச்னையைத் தீர்க்க, பொய்யான ஒரு பிரச்னையை வித்தது. ஜட்ஜோட சராசரி .200 பக்கத்துல நின்னுது. வாக் வழக்கம்போல வந்துக்கிட்டே இருந்தது. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கல. சராசரியை மட்டும் பார்த்தேன், நாலரை மணி தூக்கக் கலக்கத்துல. அப்போ நல்லாப் போட்டுட்டு இருந்த ஒரு பிட்சரை அண்ணன் நீட்டினார். அவரோட இஆர்ஏவும் ஒரு மாசக் கணக்குதான்னு எனக்குத் தோணவே இல்லை. கெட்ட ஒரு மாசத்தைக் கொடுத்து நல்ல ஒரு மாசத்தை வாங்கினேன். ரெண்டுமே அடுத்த மாசம் காலாவதி ஆச்சு.

சரி, அப்போ பாடம் பொறுமைதானேன்னு நினைச்சு 2025-ல உள்ளே போனேன். அங்கேதான் ரெண்டாவது அடி.

குளோசர்னு ஒரு பதவி இருக்கு. டீம் கொஞ்ச வித்தியாசத்துல முன்னிலையில இருக்கும்போது கடைசி இன்னிங்ஸ் மட்டும் வந்து போடறவர். அதுக்குப் பேர் சேவ், நம்ம பத்து கணக்குல ஒண்ணு. யாங்கீஸுக்குப் புதுசா வந்த டெவின் வில்லியம்ஸை அதுக்காகவே எடுத்தேன். ஏப்ரல் கடைசியில அவர் இஆர்ஏ 11.25. நான் அசரல. நாமதான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவனாச்சே. இது பத்துப் பதினைஞ்சு இன்னிங்ஸ்கூட இல்லை, சின்ன சாம்பிள், தானா சரியாகும்னு லீக் குரூப்ல ஒரு பெரிய மெசேஜே போட்டேன். கார்ல்டன் பேரெல்லாம் இழுத்தேன். அண்ணன் பதிலே சொல்லல. சத்தமில்லாம லூக் வீவரைத் தன் டீம்ல சேர்த்துக்கிட்டார். சில நாள்லயே யாங்கீஸ் மேனேஜர் ஆரன் பூன், வில்லியம்ஸைக் குளோசர் பதவியில இருந்து எடுத்துட்டார். சேவ் எல்லாம் வீவருக்குப் போச்சு.

என் கணக்கு தப்பில்லை. அந்த 11.25 அவரோட நிஜத் திறமை இல்லைங்கிறது இன்னைக்கும் சரிதான். நான் மறந்தது வேற. அதே சின்ன சாம்பிளை நிஜ மேனேஜரும் பார்க்கிறார். அவருக்கு 910 முறை காத்திருக்க நேரம் கிடையாது. ராத்திரி ஆட்டத்தை ஜெயிக்கணும், காலையில பத்திரிகைக்காரங்களுக்குப் பதில் சொல்லணும். எண் பொய்யா இருக்கலாம், ஆனா அதை நம்பி அவர் எடுக்கிற முடிவு நிஜம். 2021-ல ஒயிட் சாக்ஸோட யெர்மின் மெர்சிடஸ் சீசனை எட்டுக்கு எட்டு ஹிட்டோட ஆரம்பிச்சு, அந்த ஏப்ரல்ல .400-க்கு மேல அடிச்சு, ஜூலை தொடக்கத்துல மைனர் லீக்குல இருந்தார். நல்ல எண் இடத்தைக் கொடுக்குது, கெட்ட எண் இடத்தைப் பறிக்குது. இடமே போயிட்டா சராசரி மீண்டு வர வாய்ப்பே இல்லை, ஏன்னா ஆடவே மாட்டார்.

அதனால இப்போ ஒருத்தர் சொதப்பும்போது நான் முதல்ல பார்க்கிறது எண்ணை இல்லை. தினமும் ஆடுறாரா? பேட்டிங் வரிசையில ரெண்டாவதுல இருந்து ஏழாவதுக்குத் தள்ளிட்டாங்களா? பிட்சர்னா, பந்து வேகம் போன ஏப்ரலைவிட ரெண்டு மைல் குறைஞ்சிருக்கா? குறைஞ்சிருந்தா தோள்பட்டை, முழங்கைன்னு மனசு பதறத்தான் செய்யும். இவை எல்லாம் சரியா இருந்தா, அப்புறம் ஸ்ட்ரைக்அவுட், வாக். சராசரி கடைசி.

இது எல்லாத்தையும் காப்பாத்தும்னு நினைக்காதீங்க. 2025-ல ரஃபேல் டெவர்ஸ் பாஸ்டனுக்கு ஆடின முதல் அஞ்சு ஆட்டத்துல 19-க்கு ஒரு ஹிட்டும் இல்லை, 15 ஸ்ட்ரைக்அவுட். நான் மேலே சொன்ன விதிப்படி ஸ்ட்ரைக்அவுட்தான் சீக்கிரம் உண்மை சொல்ற எண். அவருக்குத் தோள்பட்டைப் பிரச்னையும் இருந்தது, பதவி பத்தி டீமோட சண்டையும் இருந்தது. எல்லா விளக்கும் சிவப்பு. எங்க லீக்ல ஒருத்தர் பயந்து பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். டெவர்ஸ் நடுவுல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ட்ரேட் ஆகி, சீசன் முடியும்போது 35 ஹோம் ரன், 109 ஆர்பிஐ. அஞ்சு ஆட்டம்னா இருபத்தஞ்சு தடவைகூட நிக்கலை, 60-க்கே பாதிதான்னு இப்போ சொல்லலாம். அன்னைக்கு அந்தக் கண்டம் அவர் மேல இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? தெரிஞ்சவங்க மாதிரி பேசறது அக்டோபர்ல சுலபம்.

இது மூணாவது வருஷம். ஃபைனல் இயர், புராஜெக்ட் ரிவ்யூ, ரெண்டு கம்பெனி இன்டர்வியூவுல வரிசையா வெளியே வந்தாச்சு. (ரெண்டுதான். சாம்பிள் சின்னது.) இப்போ டீம் ஆறாவது இடம். என் நாலாவது ரவுண்டு பேட்டர் 55-க்கு 9, அதாவது .164. பேரைச் சொல்ல மாட்டேன், அண்ணன் இந்த இதழைப் படிப்பார்.

தினமும் ஆடுறார், பேட்டிங் வரிசையில இன்னும் மூணாவது. பந்து வேகமாத்தான் கிளம்புது. இதுவரைக்கும் நல்லது. ஆனா 62 பிளேட் அப்பியரன்ஸ்ல 21 ஸ்ட்ரைக்அவுட். 34 சதவீதம். போன வருஷம் 24-தான். அந்த 60 என்கிற எல்லையை இப்போதான் தாண்டியிருக்கார். கார்ல்டனே 60-ல முழுசா நம்புங்கன்னு சொல்லல. அந்த இடத்துல எண்ணோட பாதிதான் திறமை, மீதி இன்னும் சத்தம்னுதான் அர்த்தம். பாதிக் காலியா, பாதி நிறைவான்னு மூணு ராத்திரியா பார்த்துட்டு இருக்கேன். நேத்து மூணு ஆட்ட வீடியோவும் பார்த்தேன். உள்ளே வர வேகப் பந்துக்குக் கொஞ்சம் லேட்டா வர்ற மாதிரி தெரியுது. பார்க்கணும்னு பார்த்தா எல்லாமே தெரியும், அதுவும் ஒரு கஷ்டம்.

நேத்து ராத்திரி அண்ணன்கிட்ட இருந்து ட்ரேட் ஆஃபர் வந்திருக்கு. அதே பேட்டரைக் கேட்கிறார். பதிலுக்குக் கொடுக்கிறது, இந்த மாசம் மூணு ஆட்டத்துல 0.95 இஆர்ஏ வச்சிருக்கிற ஒரு பிட்சர். கூடவே மெசேஜ்: "யோசிச்சு சொல்லுடா, அவசரமில்லை."

அண்ணன் அவசரமில்லைன்னு சொன்னா எனக்குப் பயமா இருக்கு. ரிஜெக்ட் பட்டன் மேல விரல் வச்சு எடுத்துட்டேன். நாளைக்கு நாலரைக்கு ஆட்டம் இருக்கு, எதிர்ல வேகமா வீசற பிட்சர். அவர் நாலு தடவை நிப்பார். அலாரம் வச்சிருக்கேன்.